டொர்னாடோ வராத ஊர்

1870 அக்டோபர் 13ஆம் தேதி, மதியம் 2 மணி வாக்கில், பிர்னோ நகரத்து அகஸ்தீனிய மடத்தில் ஒரு துறவியின் அறை திடீரென்று இருண்டது. கட்டடம் அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. பிய்ந்து பறந்த கூரை ஓடுகள் வந்து மோதின. சில நொடிதான், ஓய்ந்துவிட்டது. அதன்பிறகு அந்தத் துறவி ஊரில் வேறு யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். எந்தப் பக்கத்து ஜன்னல்கள் உடைந்திருக்கின்றன, ஓடுகள் எந்தத் திசையிலிருந்து வந்து விழுந்தன என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்தார். கடிகார முள் சுற்றும் திசையிலேயே காற்றும் சுழன்றிருக்கிறது என்று அந்தச் சிதறல்களை வைத்தே முடிவுக்கு வந்தார். வட அரைக்கோளத்தில் டொர்னாடோக்கள், அதாவது மேகத்திலிருந்து தரைவரை நிற்கும் சுழற்காற்றுகள், பெரும்பாலும் அதற்கு நேர் எதிராகத்தான் சுழலும். தான் பார்த்தது வழக்கத்துக்கு மாறானது என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

அவர் கிரிகோர் மெண்டல். பட்டாணிச் செடி மெண்டலேதான். 1857 முதல் சாகும்வரை வானிலையை அளந்து எழுதியவர். அவர் பெயரில் அச்சான கட்டுரைகளில் பெரும்பாலானவை வானிலை பற்றியவை என்பது பலருக்குத் தெரியாது. பட்டாணி ஆய்வைப் படித்துக் காட்டிய அதே பிர்னோ இயற்கை அறிவியல் சங்கத்தில்தான் இந்தச் சுழற்காற்றைப் பற்றியும் பேசினார். 1871ல் அது அச்சில் வந்தது. பட்டாணிக் கட்டுரைக்காவது 1900ல் மறுபிறவி கிடைத்தது. சுழற்காற்றுக் கட்டுரையை நெடுங்காலம் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

பிர்னோ இருப்பது இன்றைய செக் குடியரசின் மொராவியாவில். அங்கிருந்து தென்கிழக்கே ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் போனால் ஹோடொனின் நகரம் வரும். செக்கோஸ்லோவாக்கியாவின் முதல் அதிபர் மசாரிக் பிறந்த ஊர். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள், செங்கல் சுவரும் சிவப்பு ஓடுமாக அடக்கமான கிராமங்கள். 2021 ஜூன் 24 மாலை, 7 மணி தாண்டிய நேரத்தில், அந்தக் கிராமங்கள் வழியாக ஒரு டொர்னாடோ போனது. ஹ்ருஷ்கி, மொராவ்ஸ்கா நோவா வெஸ், மிகுல்சிட்செ, லுஷிட்செ, கடைசியில் ஹோடொனின் நகரத்தின் ஓரம். மொத்தம் சுமார் 26 கிலோமீட்டர். அகலம் ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர். 6 பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தார்கள். சுமார் 1,200 கட்டடங்கள் சேதமாயின. அவற்றில் ஏறத்தாழ 200 கட்டடங்களை இடித்துத் தள்ளுவதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று.

இவை மரச்சட்ட வீடுகள் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க டொர்னாடோ படங்களில் தீப்பெட்டி போலச் சிதறும் வீடுகளைப் பார்க்கிறோமே, அவை பலகையும் ஆணியும். மொராவியாவில் விழுந்தவை தலைமுறைகள் வாழ்ந்த செங்கல் வீடுகள். மேல்மாடிச் சுவர் முழுதாகச் சரிந்து, உள்ளே இருந்த கட்டிலும் அலமாரியும் தெருவுக்குத் தெரிய நின்ற வீடுகளின் படங்கள் அன்று இரவே உலகம் முழுக்கச் சுற்றின. மரங்கள் கிளையிழந்து, பட்டையும் உரிந்து வெறும் குச்சியாக நின்றன. செக், ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா நாட்டு வானிலையாளர்கள் சேர்ந்து தெருத் தெருவாக நடந்து பார்த்து, ஐந்து வரை போகும் அளவுகோலில் இதற்கு நான்கு போட்டார்கள். நவீன செக் வரலாற்றில் இதைவிட வலுவான டொர்னாடோ பதிவில் இல்லை.

அன்று மாலை கடும் இடிமழை வரலாம் என்ற எச்சரிக்கை இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் இடிமழை பார்க்காதவர்களா? ஜன்னலைச் சாத்திவிட்டு, காரை மரத்தடியிலிருந்து தள்ளி நிறுத்திவிட்டு, டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். வருவது டொர்னாடோ என்று சொல்ல யாருமில்லை. சொல்லியிருந்தாலும், அதைக் கேட்டு என்ன செய்ய வேண்டும் என்று அங்கே பழக்கம் இல்லை.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதைப் பற்றித்தான். டொர்னாடோ அரிதாக வரும் இடங்களில் அதன் வலிமையைவிட மறதிதான் அதிகம் கொல்கிறது. ஒருமுறை வந்ததற்கும் மறுமுறை வருவதற்கும் இடையில் இரண்டு தலைமுறை ஓடிவிடுகிறது. அதற்குள் அது ‘இங்கெல்லாம் வராது’ என்ற பட்டியலில் சேர்ந்துவிடுகிறது. செக் நிலத்தில் 1119ஆம் ஆண்டே பிராகின் விஷெஹ்ராட் கோட்டையில் சுழற்காற்று அடித்துப் பழைய மதில் விழுந்த செய்தி 12ஆம் நூற்றாண்டுக் குறிப்பில் இருக்கிறது. அந்தக் காலத்தவர் அதைச் சாத்தானின் வேலை என்று எழுதினார்கள். எழுதினார்களே, அது பெரிய விஷயம்.

சரி, முதலில் இது எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடலாம். சித்திரை வெயிலில் பள்ளி மைதானத்தில் காகிதமும் சருகும் சுழன்று மேலே போவதைப் பார்த்திருப்போம். அதற்குள் ஓடிப் போய் நின்று கண்ணெல்லாம் மண்ணாகித் திட்டு வாங்கியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அது டொர்னாடோ அல்ல. அது சுட்ட தரையிலிருந்து கிளம்புவது, மேலே மேகமே இருக்காது. டொர்னாடோ மேகத்திலிருந்து தரைவரை தொடர்ந்து நிற்கும் சுழல். மேகம் இல்லாமல் அது இல்லை.

பெரிய டொர்னாடோ உருவாக இடிமேகம் மட்டும் போதாது. தரையை ஒட்டி ஈரமும் வெப்பமும் நிறைந்த காற்று வேண்டும். அதற்கு மேலே குளிர்ந்த, உலர்ந்த காற்று வேண்டும். அப்போதுதான் கீழ்க்காற்று முட்டி மோதிக்கொண்டு மேலேறும். மூன்றாவதாக ஒன்று வேண்டும், அதுதான் பல நாடுகளில் கிடைக்காதது: தரையருகே ஒரு திசையில் மெதுவாக வீசும் காற்று, சில கிலோமீட்டர் உயரத்தில் வேறு திசையில் வேகமாக வீச வேண்டும். விளக்குத் திரி உருட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்க்கை நிற்கிறது, மேல்க்கை நகர்கிறது, நடுவில் பஞ்சு உருள்கிறது. அதேபோல இரண்டு காற்றுகளுக்கு நடுவே உள்ள காற்று படுக்கைவாட்டில் உருளத் தொடங்கும். இடிமேகத்தின் மேலேறும் காற்று அந்த உருளையைத் தூக்கி நிமிர்த்திவிட்டால், மேகமே மெதுவாகச் சுழல ஆரம்பிக்கும். இப்படிப்பட்ட மேகத்தைத்தான் சூப்பர்செல் என்கிறார்கள். அப்புறம் அந்தச் சுழற்சி கீழே இறுகி ஒடுங்க ஒடுங்க வேகம் எகிறும். தட்டாமாலை சுற்றும் பிள்ளைகள் கைகளை இழுத்து நெருங்கியதும் வேகம் கூடுமே, அதே கணக்கு.

அமெரிக்காவின் நடுச் சமவெளியில் இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்வது சர்வசாதாரணம். தெற்கே மெக்சிகோ வளைகுடாவின் ஈரம், மேற்கே ராக்கி மலைகளைத் தாண்டி வரும் உலர்காற்று, உச்சியில் ஜெட் காற்றோட்டம் என்ற அதிவேக மேல்காற்று. நடுவில் குறுக்கே மலை எதுவும் கிடையாது. அமெரிக்கா முழுவதுமாக ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,200 டொர்னாடோக்கள் பதிவாகின்றன. ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் கிழக்கு மேற்காகக் கிடந்து மத்தியதரைக் கடலின் ஈரத்தை மறிக்கிறது. அதனால் வாய்ப்பு குறைகிறது, இல்லாமல் போவதில்லை. ஒரு குறிப்பிட்ட தெருவுக்கு டொர்னாடோ வருவது அரிது. ஆனால் கண்டத்தில் எங்கோ ஒரு தெருவுக்கு வருவது ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. பிரிட்டனில் மட்டும் ஆண்டுக்கு முப்பது வரை வருகின்றன. பெரும்பாலானவை வேலியைச் சாய்த்துவிட்டுப் போகிறவை. 2005 ஜூலை 28 அன்று பர்மிங்காமின் ஸ்பார்க்புரூக் பகுதிக்கு வந்தது அப்படிப்பட்டதல்ல. தெற்காசியக் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் அந்தத் தெருக்களில் கூரைகள் பிய்ந்தன, சுமார் ஆயிரம் மரங்கள் விழுந்தன. யாரும் இறக்கவில்லை என்பதை இன்றும் அதிர்ஷ்டம் என்றே சொல்கிறார்கள்.

ஐரோப்பாவில் டொர்னாடோ உண்டு என்று கணக்குப் போட்டுச் சொன்னவரும் வேறொரு காரணத்துக்காகப் பெயர் பெற்றவர்தான். கண்டங்கள் நகர்கின்றன என்ற ஆல்ஃபிரட் வேகனர். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917ல் ஐரோப்பியச் சுழற்காற்றுகள் பற்றி ஒரு புத்தகமே போட்டார். பழைய குறிப்புகளைத் துருவி 258 சம்பவங்களைத் திரட்டி, ஐரோப்பாவில் ஆண்டுக்குக் குறைந்தது நூறாவது வருகிறது என்று மதிப்பிட்டார். இன்று திரட்டப்படும் எண்ணிக்கை சில நூறு. கையில் ராடார் இல்லை, செயற்கைக்கோள் இல்லை, இவ்வளவு நெருங்கி வந்திருக்கிறார். ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் இந்த ஆராய்ச்சி ஏறக்குறைய அற்றுப்போனது. டொர்னாடோ என்றால் அமெரிக்கச் சமாசாரம் என்று ஆகிவிட்டது. ஐரோப்பா முழுமைக்குமான கடும் வானிலை ஆய்வகம் ஒன்று முறையாக அமைந்தது 2006ல்தான்.

சோவியத் யூனியனில் மறதிக்கு அரசே உதவி செய்தது. 1984 ஜூன் 9 அன்று மாஸ்கோவுக்கு வடகிழக்கே இவானொவோ நகரப் பகுதியை மிக வலுவான டொர்னாடோ ஒன்று தாக்கிப் பல பத்துப் பேரைக் கொன்றது. நாளிதழ்களில் அது உரிய அளவில் வரவில்லை. அடுத்த தலைமுறை ருஷ்யர்களில் பலருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

அமெரிக்காவை மட்டும் இந்தக் குற்றச்சாட்டிலிருந்து விட்டுவிட முடியாது. 1880களில் ஜான் பின்லி என்ற ராணுவ வானிலையாளர் டொர்னாடோவை முன்கூட்டிச் சொல்ல முயன்றபோது, மக்கள் பீதியடைவார்கள் என்ற பயத்தில் வானிலை அறிவிப்பில் அந்தச் சொல்லையே தடை செய்தார்கள். தடை 1938 வரை நீடித்தது. இடையில் 1925 மார்ச் 18 அன்று மிசூரி, இலினாய், இண்டியானா என்று மூன்று மாநிலங்களைக் கடந்த ஒரே டொர்னாடோவில் 695 பேர் இறந்தார்கள். அன்றைய முன்னறிவிப்பில் அந்தச் சொல் இல்லை. 1948 மார்ச் 20 அன்று ஓக்லஹோமாவில் ஒரு விமானப்படைத் தளத்தை டொர்னாடோ நாசமாக்கியது. ஐந்தே நாளில், 25ஆம் தேதி, வானம் அதே போலக் கூடுவதைப் பார்த்து அங்கே இருந்த ஃபாபுஷ், மில்லர் என்ற இரு அதிகாரிகள் துணிந்து எச்சரிக்கை எழுதினார்கள். அன்று மாலை அதே தளத்துக்கு டொர்னாடோ வந்தது. முன்னறிவிப்பு என்ற துறையே அந்த மாலையிலிருந்துதான் எழுந்து நடக்கிறது.

அமெரிக்காவிலும் ‘வராத ஊர்’ உண்டு. மலை நாடுகளில் ‘மலை நம்மைக் காக்கும்’ என்பார்கள். 1999 ஆகஸ்ட் 11 அன்று மலைகளுக்கு நடுவே இருக்கும் சால்ட் லேக் சிட்டியின் மையத்திலேயே டொர்னாடோ புகுந்து ஒருவரைக் கொன்றது. அதற்கு முன் 1987 ஜூலையில் வயோமிங் மாநிலத்தில் 3,000 மீட்டர் உயரத்தில் மலைமுகட்டையே தாண்டிப் போன ஒன்று, 15,000 ஏக்கர் காட்டைச் சாய்த்தது. அங்கே ஆள் நடமாட்டம் இல்லை. டெட் ஃபுஜிட்டா என்ற ஆராய்ச்சியாளர் விமானப் படங்களில் மரங்கள் விழுந்து கிடந்த கோலத்தைப் பார்த்துத்தான் அதை டொர்னாடோ என்று உறுதி செய்தார்.

டொர்னாடோவின் வலிமைக்கு அளவுகோல் தந்தவரே ஃபுஜிட்டாதான். ஜப்பானின் கியூஷூ தீவில் பிறந்தவர். 1945ல் நாகசாகியில் அணுகுண்டு விழுந்த இடத்துக்கு ஆய்வுக்குப் போய், மரங்கள் எல்லாப் பக்கமும் வெளிநோக்கிச் சாய்ந்திருந்ததை இளம் வயதில் பார்த்தவர். விழுந்து கிடப்பதை வைத்து அடித்த காற்றைப் படிக்கலாம் என்பதை வாழ்நாள் முழுக்க விடவில்லை. டொர்னாடோவுக்குள் கருவி வைத்துக் காற்றை அளப்பது மிகச் சில முறையே சாத்தியமாகியிருக்கிறது. மற்றபடி, போன பிறகு எது விழுந்தது, எது நின்றது என்று பார்த்து வேகத்தை ஊகிப்பதுதான் வழி. அதனால் அளவுகோல் என்பது அந்தந்த ஊர்ப் பொருள்களில்தான் எழுதப்பட வேண்டியிருக்கிறது. அமெரிக்க அட்டவணையில் அமெரிக்க மரவீடு இருக்கும். செங்கல் வீட்டுக்கு அது பொருந்தாது என்றுதான் ஐரோப்பியர்கள் தங்களுக்கெனத் தனி அட்டவணை செய்துகொண்டார்கள். ஜப்பானியர்கள் 2016ல் கொண்டுவந்த அட்டவணையில் தெருவோரத் தானியங்கி விற்பனைப் பெட்டியும் கல்லறைக் கற்களும்கூட உண்டு. பெட்டி கவிழ்ந்ததா, கல் சாய்ந்ததா என்பதிலிருந்து காற்றின் வேகம் கிடைக்கிறது. நம் பக்கத்துக்கு இப்படி ஒன்று எழுதினால் அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று யோசித்துப் பார்க்கிறேன். தென்னை, பனை, வாழைத்தோப்பு, நாட்டு ஓட்டுக் கூரை, தகரக் கொட்டகை, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, சிமெண்ட் மின்கம்பம். பனை முறிய எவ்வளவு வேகம் வேண்டும் என்று பொறியாளர்கள் யாராவது உட்கார்ந்து கணக்கிட்டால் நன்றாக இருக்கும்.

ஜப்பானைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர்கள் மறக்காமல் இருக்க எடுத்த முயற்சி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 2006 செப்டம்பரில் தெற்கே நோபெயோகா நகரில் ஒரு புயலோடு சேர்ந்து வந்த டொர்னாடோ 3 பேரைக் கொன்று, ரயில் பெட்டிகளையும் தடம்புரட்டியது. இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 7 அன்று, வடகோடி ஹொக்கைடோ தீவின் சரோமா என்ற சிற்றூருக்கு இன்னொன்று வந்தது. ஹொக்கைடோவில் நவம்பர் என்றால் குளிர்காலம் தொடங்கும் நேரம். டொர்னாடோவை யாரும் நினைத்துப் பார்க்கும் இடமும் இல்லை, மாதமும் இல்லை. சுரங்கப்பாதை வேலைக்காகப் போடப்பட்டிருந்த தற்காலிகக் கொட்டகை அலுவலகத்தை அது அப்படியே பிய்த்தெறிந்தது. 9 பேர் இறந்தார்கள். கொட்டகைக்குக் கனமான அடித்தளம் இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

ஜப்பான் வானிலை நிறுவனம் இதோடு விட்டுவிடவில்லை. நாடு முழுக்க, மேகத்துக்குள் காற்று நகர்வதையும் அளக்கும் டாப்ளர் ராடார்களை விரித்து, 2008 மார்ச்சில் டொர்னாடோ எச்சரிக்கைக் குறிப்புகளைத் தொடங்கியது. அந்தக் குறிப்பு சுமார் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் செல்லும். பல முறை குறிப்பு வந்து டொர்னாடோ வராமல் போகும். இது அவர்களுக்கும் தெரியும், வெளிப்படையாகவும் சொல்கிறார்கள். வானம் கறுக்கிறதா, குளிர்ந்த காற்று திடீரென வீசுகிறதா என்று பாருங்கள், அப்படியானால் உறுதியான கட்டடத்துக்குள் போங்கள் என்பதுதான் குறிப்பின் சாரம். பத்து முறை வீணாகி ஒருமுறை பலித்தாலும் போதும் என்று ஒரு நாடு ஏற்றுக்கொள்வது சாதாரண விஷயமல்ல.

எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரிது என்று நாம் சொல்லும் இடங்கள் பலவற்றில் பார்க்க ஆளில்லை என்பதே உண்மை. ருஷ்யாவின் வடக்குக் காடுகளைச் செயற்கைக்கோள் படங்களில் ஆராய்ந்தவர்கள், யாரும் அறிவிக்காத டொர்னாடோ தடங்கள் நூற்றுக்கும் மேல் இருப்பதைக் கண்டார்கள். மரங்கள் நேர்க்கோட்டில் சீவிவிட்டது போலச் சாய்ந்து கிடந்தன. கனடாவிலும் 2017 முதல் ஒரு பல்கலைக்கழகக் குழு இதே வேலையைச் செய்து, விட்டுப்போன டொர்னாடோக்களைக் கணக்கில் சேர்த்துவருகிறது. புவி சூடாவதால் டொர்னாடோ கூடுகிறதா என்ற கேள்விக்கு அறிவியலாளர்கள் தயங்குவதும் இதனால்தான். காற்றில் ஈரம் கூடும் என்பது தெளிவு, ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 7 சதவீதம். ஆனால் அந்தத் திரி உருட்டும் காற்று வேறுபாடு எங்கே கூடும், எங்கே குறையும் என்பது தனிக் கதை. முன்னால் எத்தனை வந்தன என்ற கணக்கே ஓட்டையாக இருக்கும்போது கூடியதா என்று எப்படிச் சொல்வது? செல்போன் கேமரா வந்த பிறகு எல்லா நாட்டிலும் எண்ணிக்கை ஏறியிருக்கிறது. அதில் வானத்தின் பங்கு எவ்வளவு, கேமராவின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது எளிதல்ல.

தமிழர்களுக்கு நேரடித் தொடர்புள்ள ஒரு சம்பவமும் அண்மையில் நடந்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே கடலோரத்தில் டோங்காட் என்ற ஊர் இருக்கிறது. இப்போது அதிகாரபூர்வப் பெயர் ஓதொங்காதி. 1860ல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் நேட்டாலுக்குப் போனதிலிருந்து, கரும்புத் தோட்டங்களை ஒட்டி இந்தியர்கள் வேரூன்றிய பழைய ஊர்களில் ஒன்று. கோயில்களும் தமிழ்ப் பெயர்களும் இன்றும் உண்டு. 2024 ஜூன் 3 அன்று அங்கே டொர்னாடோ வந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜூன் அங்கே குளிர்காலம். மக்வவேனி என்ற குடியிருப்பில் சேதம் கடுமை, கனமில்லாத வீடுகள் நெருக்கியடித்து நின்ற இடம். ஆயிரக்கணக்கானோர் அந்தக் குளிரில் வீடிழந்து நின்றார்கள். அதற்கு ஓராண்டு முன்புதான், 2023 ஜூனில், டர்பனை ஒட்டிய இனாண்டா பகுதியிலும் ஒன்று வந்து போயிருந்தது.

இந்தியாவில் வங்காளமும் ஒடிசாவும் அசாமும் இதற்குப் புதியவை அல்ல. கோடையில் வங்காள விரிகுடாவின் ஈரமும், சோட்டா நாக்பூர் பக்கத்து அனல் காற்றும், இமயத்துக்குத் தெற்கே இன்னும் விலகாமல் ஓடும் ஜெட் காற்றோட்டமும் அங்கே சந்திக்கின்றன. அந்தச் சந்திப்பின் கிழக்கு முனையில், வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில், 1989 ஏப்ரல் 26 அன்று ஒரே டொர்னாடோவில் சுமார் 1,300 பேர் இறந்தார்கள். உலகில் வேறெந்த டொர்னாடோவும் இத்தனை உயிரைக் குடித்ததாகப் பதிவில்லை. தெற்கே வரவர, நம் கோடை இடிமழைக் காலத்தில் வெப்பமும் ஈரமும் தாராளமாக இருக்கும், உயரத்தில் அந்த வேகக் காற்று இருக்காது. திரிக்குப் பஞ்சு இருக்கிறது, உருட்டக் கை இல்லை.

டெல்லியின் கதை வேறு. 1978 மார்ச் 17 அன்று வடக்கு டெல்லியில், பல்கலைக்கழக வட்டாரத்தை ஒட்டி, சில நிமிடம் மட்டுமே நின்ற டொர்னாடோ 28 பேரைக் கொன்றது, சுமார் 700 பேரைக் காயப்படுத்தியது. தலைநகரில் நடந்தது, பத்திரிகைகள் எழுதின, வானிலைத் துறை ஆராய்ந்தது. ஆனாலும் இன்று டெல்லிவாசிகளிடம் கேட்டால் பலர் ‘டெல்லியிலா, டொர்னாடோவா?’ என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். ஐம்பது ஆண்டுகூட ஆகவில்லை.

நமக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது, அது சொல். தமிழ்நாட்டில் கடலில் உருவாகி வருவதைப் புயல் என்கிறோம், பாடப்புத்தகத்தில் அதுவே சூறாவளி. இலங்கைத் தமிழில் அதற்குச் சூறாவளி என்றுதான் பெயர். மட்டக்களப்பில் 1978 என்றாலே பெரியவர்களுக்குச் சூறாவளிதான் நினைவுக்கு வரும். அமெரிக்க டொர்னாடோ செய்தி வந்தால் நம் நாளிதழ்கள் அதையும் சூறாவளி என்றே போடுகின்றன. இலங்கைப் பத்திரிகைகளில் ‘மினி சூறாவளி’ என்று ஒன்று அடிக்கடி வருகிறது. அதில் டொர்னாடோவும் அடக்கம், இடிமழையில் இறங்கும் பலத்த காற்றும் அடக்கம். கடலில் மேகத்திலிருந்து தும்பிக்கை போல ஒன்று இறங்கினால் ‘கடல்நீரை உறிஞ்சும் மேகம்’ என்று தலைப்பு. உண்மையில் அது கடல்மேல் நிற்கும் சுழற்காற்று. கண்ணுக்குத் தெரியும் அந்தத் தூணில் பெரும்பகுதி காற்றின் ஈரம் குளிர்ந்து உண்டான நீர்த்துளிதான், உறிஞ்சிய கடல்நீர் அல்ல.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. புயல் என்றால் நாள்கணக்கில் அவகாசம் உண்டு. அரிசி, மெழுகுவர்த்தி வாங்கலாம், படகை மேடேற்றலாம், முகாமுக்குப் போகலாம். டொர்னாடோ என்றால் நிமிடக்கணக்கு. உலகிலேயே நல்ல ராடார் வலை வைத்திருக்கும் அமெரிக்காவிலேயே சராசரியாகக் கால் மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் முன்னறிவிப்பு கிடைக்கிறது. செல்போனில் ஒரு எச்சரிக்கை வந்து, அதில் ‘சூறாவளி’ என்று மட்டும் இருந்தால், படிப்பவர் எந்த அவகாசத்தை எடுத்துக்கொள்வார்? டொர்னாடோ என்றே எழுதிவிடலாம் என்பது என் கருத்து. ‘சுனாமி’யை 2004 டிசம்பருக்குப் பிறகு ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டவர்கள் நாம்.

வந்துவிட்டால் என்ன செய்வது? மேகம் கரும்பச்சையாக மாறுவது, பெரிய ஆலங்கட்டி, ரயில் போவது போன்ற விடாத இரைச்சல், இவை அறிகுறிகள். ஜன்னல்களைத் திறந்து வைத்தால் அழுத்தம் சமமாகி வீடு தப்பும் என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. அது தவறு. காற்று உள்ளே புகுந்தால் கூரையை அடியிலிருந்து தூக்கும், பெரும்பாலான வீடுகள் அப்படித்தான் போகின்றன. தரைத்தளத்தில், வெளிச்சுவர் படாத, ஜன்னல் இல்லாத நடு அறைக்குப் போக வேண்டும். கான்கிரீட் தளம் போட்ட குளியலறையோ மாடிப்படிக்கு அடியில் உள்ள இடமோ நல்லது. தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் வேய்ந்த இடத்தில் இருப்பவர்கள் கான்கிரீட் தளம் போட்ட பக்கத்து வீட்டுக்கு ஓடுவதே மேல். வண்டியில் போய்த் தப்பலாம் என்று கிளம்பக் கூடாது, பாலத்துக்கு அடியிலும் ஒதுங்கக் கூடாது, அங்கே காற்று இன்னும் வேகமெடுக்கும். சாவுகளில் பெரும்பகுதி பறந்து வரும் பொருள் தலையில் அடித்துத்தான். தலையணை, மெத்தை, ஹெல்மெட், எது கைக்கு எட்டுகிறதோ அதைத் தலைக்கு மேல் பிடித்துக் குந்திக்கொள்ளுங்கள். இரைச்சல் அடங்கிய பிறகும் வாசலில் தேங்கிய தண்ணீரில் உடனே கால் வைக்க வேண்டாம். அறுந்த மின்கம்பி அதில் கிடக்கலாம்.